காயம்பட்டவரைத் தாண்டி ஓடும் போலீஸ்: ஆபத்துக் களத்தில் உயிர்காப்பு எப்படி நடக்கிறது?

துப்பாக்கிச் சூடு, குண்டுவெடிப்பு போன்ற சம்பவங்களுக்குப் பிறகு வெளியாகும் வீடியோக்களில் இரண்டு காட்சிகள் பார்ப்பவர்களைக் கொதிக்க வைக்கும். ஒன்று, தரையில் ரத்தம் வழியக் கிடப்பவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போலீஸார் அவரைத் தாண்டி ஓடுவது. இன்னொன்று, சில நூறு மீட்டர் தள்ளி ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நிற்பது. ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது இப்படிச் செய்யலாமா என்று கேட்கத் தோன்றும்.

முதல் காட்சியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அலட்சியம் அல்ல. அப்படித்தான் ஓட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அது சரியும்கூட. இரண்டாவது காட்சியில்தான் சிக்கல் இருக்கிறது. அதைச் சமாளிக்கவே பல நாட்டுப் போலீஸ் துறைகள் தங்கள் காவலர்களுக்குத் தனி வகை மருத்துவப் பயிற்சி தரத் தொடங்கின. வழக்கமான முதலுதவி வகுப்புக்கும் இதற்கும் பெயரளவில்தான் ஒற்றுமை.

ரத்தம் எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

வளர்ந்த ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். கொஞ்சம் இழந்தால் உடல் சமாளித்துக்கொள்ளும். இதயம் வேகமாகத் துடிக்கும், கைகால்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடப்படும். இழப்பு 2 லிட்டரைத் தொட்டால் இந்தச் சமாளிப்பு உடைந்துவிடும். ரத்த அழுத்தம் சரிந்து, நினைவு தப்பும். தொடையின் பெரிய தமனி அறுந்தால் இந்த நிலைக்கு வரச் சில நிமிடங்களே போதும்.

இதன் கூடவே இன்னொரு சுழலும் ஓடும். ரத்தம் போகப் போக உடல் குளிர்கிறது. திசுக்களுக்கு ஆக்ஸிஜன் கிடைக்காமல் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது. குளிர்ச்சியும் அமிலமும் சேர்ந்து ரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கின்றன. உறையாததால் இன்னும் ரத்தம் போகிறது. இந்தச் சுழலில் ஆழமாகச் சிக்கியவரை நல்ல அறுவைச் சிகிச்சை நிபுணராலும் மீட்பது கடினம்.

ஆம்புலன்ஸ் வசதி நன்றாக உள்ள நகரத்திலும் வண்டி வந்து சேரப் பத்து நிமிடம் ஆகலாம். வந்த பிறகும், 'இடம் பாதுகாப்பாக இருக்கிறது' என்று போலீஸ் சொல்லும்வரை ஊழியர்கள் உள்ளே போக மாட்டார்கள். ஆயுதமோ கவசமோ இல்லாதவர்களை அனுப்பினால் காயம்பட்டோர் எண்ணிக்கைதான் கூடும். ஆக, அந்த முதல் பத்து இருபது நிமிடங்களில் காயம்பட்டவர் அருகே இருக்கக்கூடிய ஒரே அரசு ஊழியர் போலீஸ்காரர்தான்.

படையினரிடமிருந்து வந்த பாடம்

போலீஸ் பயிற்சியின் அடிப்படை ராணுவத்திலிருந்து வந்தது. 1996-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஃபிராங்க் பட்லரும் சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, போர்க்களத்தில் மருத்துவமனை நடைமுறையைப் பின்பற்றுவது ஆளைக் கொல்லும் என்று வாதிட்டது. தோட்டா பறக்கும் இடத்தில் ஒருவருக்கு மார்பழுத்த சிகிச்சை (சி.பி.ஆர்.) கொடுக்க உட்காரும் வீரர் தானும் சுடப்படுவார், அணியும் பலவீனமாகும். நல்ல மருத்துவம் என்பது தவறான நேரத்தில் செய்யப்பட்டால் மோசமான போர்த்தந்திரம் ஆகிவிடும் என்பதே அதன் சாரம்.

அதுவரை டூர்னிக்கெட், அதாவது கைகாலை இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் பட்டை, கடைசி வழியாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டது. கட்டினால் காலை வெட்ட வேண்டிவரும் என்ற பயம் மருத்துவர்களிடமே இருந்தது. ஈராக் போரின்போது பாக்தாத் மருத்துவமனை ஒன்றில் எடுத்த கணக்கு அந்தப் பயத்தைக் கலைத்தது. அதிர்ச்சி நிலைக்கு, அதாவது ரத்தம் இழந்து ரத்த அழுத்தம் சரியும் கட்டத்துக்கு, போகும் முன்பே பட்டை கட்டப்பட்டவர்களில் 90% பேர் பிழைத்தார்கள். அதிர்ச்சி வந்த பிறகு கட்டப்பட்டவர்களில் 10% பேர்தான். பட்டை கட்டிய காரணத்தாலேயே யாருக்கும் கைகால் போகவில்லை.

2001 முதல் 2011 வரை இறந்த 4,596 அமெரிக்கப் படையினர் பற்றிய ஆய்வு 2012-இல் வந்தது. அவர்களில் 87% பேர் மருத்துவமனைக்கு வரும் முன்பே இறந்திருந்தார்கள். இவர்களில் ஏறக்குறைய கால்பங்கினரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பிருந்தது. அந்தக் கால்பங்கில் பத்தில் ஒன்பது பேரின் சாவுக்குக் காரணம் ரத்தப்போக்கு.

அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் சிறப்புப் படைப்பிரிவு மட்டும் இதில் தனித்து நின்றது. அங்கே மருத்துவ உதவியாளருக்கு மட்டுமின்றி, சமையல்காரர் முதல் தளபதி வரை எல்லோருக்கும் இந்தப் பயிற்சி கட்டாயம். களத்தில் சரியான உதவி கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லத்தக்க மரணம் அந்தப் பிரிவில் ஒன்றுகூட இல்லை என்று 2011-இல் வெளியான ஆய்வு சொன்னது.

இதைப் பொதுமக்கள் சூழலுக்கு ஏற்ப மாற்ற 2011-இல் அமெரிக்காவில் ஒரு குழு அமைந்தது. சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு, 2013 ஏப்ரலில் அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர் கல்லூரி முன்னின்று 'ஹார்ட்ஃபோர்ட் உடன்பாட்டை' உருவாக்கியது. ஆபத்தை அடக்கு, ரத்தத்தை நிறுத்து, விரைவாக வெளியேற்று, மருத்துவக் குழு பரிசோதிக்கட்டும், மருத்துவமனைக்குக் கொண்டு போ என்ற வரிசை அதில் வகுக்கப்பட்டது. வரிசையின் முதல் இரண்டு வேலைகளும் போலீஸாரின் கையில் இருப்பதைக் கவனியுங்கள்.

மூன்று பகுதிகள், மூன்று விதிகள்

காயம் என்ன என்பதற்கு முன், தான் எங்கே நிற்கிறேன் என்று காவலர் கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சியின் மையமே இந்தக் கேள்விதான்.

1. நேரடி ஆபத்துப் பகுதி. சுடுபவர் இன்னும் சுடுகிறார், அல்லது கத்தியோடு எதிரே நிற்கிறார். இங்கே முதல் மருத்துவச் செயல், தாக்குபவரை நிறுத்துவது. அதனால்தான் காயம்பட்டவரைத் தாண்டி ஓடுகிறார்கள். குனிந்து ஒருவரைக் கவனிக்கும் ஐந்து நிமிடத்தில் அடுத்த அறையில் இன்னும் பலர் சுடப்படலாம். மிஞ்சிப்போனால் டூர்னிக்கெட் ஒன்றை உடைக்கு மேலேயே கட்டலாம், ஆளை இழுத்துச் சுவருக்குப் பின்னால் போடலாம், 'தவழ்ந்து அந்தத் தூணுக்குப் பின்னால் போ' என்று கத்தலாம். மார்பழுத்த சிகிச்சை இங்கே கிடையவே கிடையாது.

2. மறைமுக ஆபத்துப் பகுதி. தாக்குபவர் அடக்கப்பட்டுவிட்டார், அல்லது வேறு பக்கம் முடக்கப்பட்டிருக்கிறார். ஆனால் இரண்டாவது ஆள், இரண்டாவது குண்டு இருக்க வாய்ப்புண்டு. உயிர்காப்பு வேலையில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. ஒருவர் சிகிச்சை கொடுக்க, இன்னொருவர் துப்பாக்கியுடன் காவல் நிற்பார்.

3. வெளியேற்றும் பகுதி. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் காத்திருக்கும் இடம். இங்கே போலீஸின் வேலை ஒப்படைப்பதுதான்: என்ன காயம், என்ன செய்தோம், பட்டை கட்டியது எத்தனை மணிக்கு.

இந்தப் பகுதிகள் கோடு கிழித்தவை அல்ல. ஒரு கதவு திறந்தால் இரண்டாவது பகுதி முதலாவதாக மாறிவிடும். பொம்மையைப் படுக்க வைத்துக் கட்டுப்போடும் வகுப்பில் இது வராது. சிகிச்சையின் நடுவே திடீரெனச் சூடு தொடங்கும் ஒத்திகையில்தான் வரும்.

அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் 1999-இல் நடந்தது எதிர்த்திசையில் உள்ள தவறு. போலீஸார் வெளியே வளைத்து நின்று அதிரடிப்படைக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே சுடப்பட்ட ஆசிரியர் ஒருவர் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ரத்தம் இழந்து இறந்தார். அதன் பிறகுதான் 'முதலில் வருபவர்கள் உடனே உள்ளே போக வேண்டும்' என்ற விதி பரவலாயிற்று. விதி இருந்தும் 2022 மே மாதம் டெக்ஸஸின் யுவால்டி பள்ளியில் 376 போலீஸார் திரண்டிருக்க, வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆயிற்று. கதவைத் திறந்தபோது உள்ளே கிடந்த சிலருக்கு இன்னும் உயிர் இருந்தது. எத்தனை மருத்துவப் பையைக் கொடுத்திருந்தாலும் அந்த 77 நிமிடத்தை ஈடுகட்டியிருக்க முடியாது.

கையில் எடுக்கும் வரிசை

வழக்கமான முதலுதவியில் முதலில் மூச்சுப்பாதை பார்க்கப்படும். இங்கே வரிசை மாறுகிறது. பெரிய ரத்தப்போக்கு மூச்சடைப்பைவிடச் சீக்கிரம் கொல்லக்கூடும் என்பதே காரணம்.

1. பெரும் ரத்தப்போக்கு. கை, கால் என்றால் டூர்னிக்கெட். காயத்துக்கு 5 முதல் 8 செ.மீ. மேலே, மூட்டின் மீது படாமல் கட்ட வேண்டும். காயம் எங்கே என்று தெரியாத இருட்டில், அந்தக் கை அல்லது காலின் உச்சியிலேயே கட்டிவிடலாம். பட்டையின் கீழே சட்டைப்பையில் செல்போன், சாவிக்கொத்து இருந்தால் அழுத்தம் சரியாக விழாது. முதலில் பட்டையை இழுத்துத் தளர்ச்சி முழுவதையும் எடுத்துவிட்டு, அடியில் விரல் நுனி நுழையாத நிலைக்கு வந்த பிறகே, பட்டையை இறுக்க அதிலேயே பொருத்தியிருக்கும் குச்சியைத் திருக வேண்டும். ரத்தம் நிற்கும் வரை, கட்டுக்குக் கீழே நாடித்துடிப்பு மறையும் வரை திருகி, குச்சியைக் கொக்கியில் மாட்டி, நேரத்தை எழுத வேண்டும்.

புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். காயம்பட்டவர் வலியில் அலறுவார், அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சுவார். இரக்கப்பட்டுப் பாதி இறுக்கத்தில் விட்டால் நிலைமை மோசமாகும். தமனி வழியே ரத்தம் உள்ளே போகும், சிரை வழியே திரும்ப முடியாது, காயத்தின் வழியே கூடுதலாகக் கொட்டும். ஆகவே சரியான கட்டு வலிக்கத்தான் செய்யும். ஒன்று போதவில்லை என்றால் அருகிலேயே இரண்டாவது. இரண்டு மணி நேரம்வரை பொதுவாக ஆபத்தில்லை. இடையில் 'கொஞ்சம் ரத்தம் ஓடட்டும்' என்று தளர்த்துவது பழைய பழக்கம், அதைக் கைவிட்டாயிற்று.

இடுப்பு மடிப்பு, அக்குள், கழுத்தின் அடி ஆகிய இடங்களில் பட்டை கட்ட முடியாது. அங்கே ரத்தத்தை உறையவைக்கும் மருந்து தோய்த்த துணியை விரலால் காயத்தின் ஆழம்வரை திணித்து, முழு எடையையும் போட்டுக் குறைந்தது மூன்று நிமிடம் அழுத்த வேண்டும். மேலாகத் துணியை வைத்துக் கட்டினால் உள்ளே ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

2. மூச்சுப்பாதை. பேசுகிறவருக்குப் பாதை திறந்தே இருக்கிறது. முகத்தில் காயம்பட்டு உட்கார நினைப்பவரை வலுக்கட்டாயமாக மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது, ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். நினைவில்லாதவரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும்.

3. சுவாசம். மார்பில் துளை இருந்தால் காற்று நுரையீரலுக்கு வெளியே சேர்ந்து அதை நசுக்கும். வால்வு வைத்த ஒட்டும் பட்டை கொண்டு துளையை மூடுவார்கள். முதுகுப்பக்கம் இன்னொரு துளை இருக்கிறதா என்று பார்க்க மறப்பது அடிக்கடி நடக்கும் தவறு. மூடிய பிறகு மூச்சுத்திணறல் கூடினால் பட்டையின் ஓரத்தைத் தூக்கிக் காற்றை வெளியேற விட வேண்டும்.

4. ரத்த ஓட்டம். கட்டிய கட்டெல்லாம் இன்னும் பிடிக்கிறதா என்று மறுபடி பார்ப்பது.

5. குளிர். வெயில் காலத்திலும் போர்த்த வேண்டும், தரையிலிருந்து உயர்த்தி ஏதாவது விரிக்க வேண்டும். உறையும் தன்மையைக் காப்பதற்காக.

காயம்பட்டவர் சக காவலர் என்றால் பட்டியலில் இல்லாத ஒரு வேலை முதலில் வரும். ரத்தம் இழந்து குழம்பிய மனிதரின் இடுப்பில் துப்பாக்கியும் ரேடியோவும் இருக்கின்றன. அவருக்கு நண்பன் யார், எதிரி யார் என்று தெரியாமல் போகலாம். ஆயுதத்தை வாங்கிவிட்டுத்தான் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

பட்டை மட்டும் போதுமா?

எல்லாப் போலீஸ்காரருக்கும் டூர்னிக்கெட் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை, புள்ளிவிவரமும் அதற்கு இடம் தரவில்லை.

அமெரிக்காவின் 12 பொது இடத் துப்பாக்கிச் சூடுகளில் இறந்த 139 பேரின் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை 2016-இல் ஓர் ஆய்வு அலசியது. சாவுக்குக் காரணமான காயம் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோருக்குத் தலையிலோ மார்பிலோ இருந்தது. காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லத்தக்கவர்கள் 7% மட்டுமே. கைகால் காயத்தில் ரத்தம் இழந்து இறந்தவர் ஒருவர்கூட இல்லை. படைவீரர் மார்பில் கவசம் அணிகிறார், குண்டுவெடிப்பில் கால்களை இழக்கிறார். கடைவீதியில் நிற்பவருக்குக் கவசம் ஏது? அருகிலிருந்து சுடப்படுகிறார். போர்க்கள எண்களை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது.

அப்படியானால் பயிற்சி வீணா? குண்டுவெடிப்பில் கணக்கு வேறு. பாஸ்டன் மாரத்தானில் 2013-இல் குண்டுகள் கால்களைக் குறிவைத்ததுபோல் தரைமட்டத்தில் வெடித்தன. அன்று கட்டப்பட்ட 27 டூர்னிக்கெட்டுகளும் கிடைத்த துணியையும் பெல்ட்டையும் போன்றவற்றைக் கொண்டு ஒப்பேற்றியவை என்று பின்னர் வந்த ஆய்வு பதிவு செய்தது. இவை பெரும்பாலும் சிரையை மட்டும் அடைக்கும் தரத்தில்தான் இருக்கும். கத்திக்குத்து, சாலை விபத்து, கண்ணாடி அறுத்த கை என அன்றாட வேலையில் காவலர் பார்க்கும் காயங்களிலும் பட்டைக்கு வேலை உண்டு.

மார்பிலும் வயிற்றிலும் சுடப்பட்டவருக்குத் தேவை, அறுவை அரங்கு. அங்கே எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறார் என்பதுதான் கேள்வி. இதற்கு ஃபிலடெல்ஃபியா போலீஸின் வழக்கம் ஒரு நல்ல சான்று. சுடப்பட்டவரையோ குத்துப்பட்டவரையோ ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் ரோந்து வண்டியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடுவது அங்கே 1980களிலிருந்து அனுமதிக்கப்பட்ட நடைமுறை. இத்தகைய காயங்களுடன் 2003 முதல் 2007 வரை கொண்டுவரப்பட்ட 4,122 பேரை ஒப்பிட்ட ஆய்வில், காயத்தின் கடுமையைக் கணக்கில் கொண்ட பிறகு மொத்த இறப்பில் போலீஸ் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் கணிசமான வேறுபாடு தெரியவில்லை. கடுமையாகக் காயம்பட்டவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்குப் போலீஸ் வண்டியில் வந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மருத்துவக் கருவி எதுவுமில்லாத வண்டி, மருத்துவக் கருவி நிறைந்த வண்டிக்குச் சமமாக நின்றது என்றால், நிமிடங்களின் மதிப்பு புரியும்.

வெளியே நிற்கும் ஆம்புலன்ஸ்

இனி இரண்டாவது காட்சிக்கு வரலாம். பிரிட்டனில் 2017 மே 22 இரவு மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். சர் ஜான் சாண்டர்ஸ் தலைமையிலான விசாரணை 2022-இல் வெளியிட்ட அறிக்கை, காயம் ஏற்படுவதற்கும் உதவி வந்து சேர்வதற்கும் இடையே விழும் 'பராமரிப்பு இடைவெளி'யை மையப் பிரச்சினையாக அடையாளம் காட்டியது. வெடிப்பு நடந்த கூடத்துக்குள் அன்று சென்ற ஆம்புலன்ஸ் மருத்துவ ஊழியர்கள் மூன்றே பேர். தீயணைப்புப் படை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஸ்ட்ரெச்சர் இல்லாமல் விளம்பரப் பலகைகளிலும் தடுப்புக் கம்பிகளிலும் ஆட்களைச் சுமந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் உரிய சிகிச்சை கிடைத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்று அறிக்கை முடிவு சொன்னது.

இடைவெளியைக் குறைக்க இரண்டு வழிகள் முயலப்பட்டுள்ளன. பிரான்ஸில் அதிரடிப்படைகளுடன் மருத்துவர்களே கவசம் அணிந்து போகிறார்கள். 2015 நவம்பரில் பாரிஸின் பட்டாக்லான் அரங்கில், தாக்கியவர்கள் மாடியில் பணயக்கைதிகளுடன் இருந்தபோதே கீழ்த்தளத்தில் காயம்பட்டவர்களை வகைப்பிரித்து வெளியேற்றும் வேலை இவர்களால் நடந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் வட்டாரத் தீயணைப்புத் துறை வேறு ஏற்பாட்டை உருவாக்கியது: கவசம் அணிந்த மருத்துவ ஊழியர்கள் நடுவில், முன்னும் பின்னும் ஆயுதப் போலீஸார், மொத்தக் குழுவும் மறைமுக ஆபத்துப் பகுதிக்குள் நுழையும். இரண்டு முறைகளுக்கும் போலீஸும் ஆம்புலன்ஸும் ஒன்றாக ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். சம்பவ நாளில் ஒருவர் ரேடியோ அலைவரிசையை மற்றவர் தேடிக்கொண்டிருந்தால் வேலைக்காகாது.

சுட்டவருக்கும் சிகிச்சையா?

ஆம். ஐ.நா. 1990-இல் ஏற்ற துப்பாக்கிப் பயன்பாட்டு அடிப்படைக் கோட்பாடுகளின்படி, பலப்பிரயோகத்தில் காயம்பட்ட எவருக்கும் கூடிய விரைவில் மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது காவலரின் பொறுப்பு. அமெரிக்க நீதித் துறை 2022 மே மாதம் தன் அலுவலர்களுக்கான விதிகளைத் திருத்தியபோது மருத்துவ உதவியைத் தெளிவான கடமையாகச் சேர்த்தது. விலங்கிட்டு, ஆயுதம் இருக்கிறதா என்று சோதித்த பின் சிகிச்சை தொடங்க வேண்டும்.

பயிற்சி பெற்ற துறைக்கு இதனால் ஒரு புதிய நெருக்கடியும் வருகிறது. 'எங்களுக்குத் தெரியாது' என்று இனிச் சொல்ல முடியாது. கையில் பை இருந்தும் திறக்காத நிமிடங்கள் உடல்கேமராவில் பதிவாகின்றன. குப்புறப் படுக்கவைத்து விலங்கிட்டவரைப் பக்கவாட்டில் திருப்பாமல் விடுவதும் இதே கணக்கில்தான் சேரும். அதற்குக் கருவியே தேவையில்லை.

பயிற்சி தந்தோம் என்று ஒரு துறை அறிவித்தால்

அறிவிப்பைப் படிக்கும்போது சிலவற்றைப் பார்க்கலாம்.

1. மறுபயிற்சி உண்டா? மைதான ஊழியர்களுக்கு ரத்தப்போக்கை நிறுத்தும் வகுப்பு எடுத்துச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில், வகுப்பு முடிந்த உடனே 88% பேர் டூர்னிக்கெட்டைச் சரியாகக் கட்டினார்கள். சில மாதங்கள் கழித்து அது 55% ஆகச் சரிந்தது. ஒரே ஒரு நாள் வகுப்பு பெரும்பாலும் புகைப்படத்துக்குத்தான் பயன்படும்.

2. தனக்குத்தானே, ஒரே கையால், இருட்டில், கையுறையோடு கட்டப் பழகுகிறார்களா? இடது கையாலும்?

3. பழகும் பட்டையும் பணிக்கான பட்டையும் வேறு வேறா? திரும்பத் திரும்ப இறுக்கிய பட்டை தளர்ந்துவிடும். மலிவான போலிகளில் குச்சி முறிந்துபோகும், அதுவும் திருகும்போது.

4. பை எங்கே இருக்கிறது? வண்டியின் டிக்கியில் பூட்டியிருந்தால், சுவருக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் காவலருக்கு அது இல்லாததற்குச் சமம். 2011-இல் அரிஸோனாவின் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பொதுக்கூட்டத்தில் சூடு நடந்தபோது, முதலில் வந்த ஷெரிஃப் துறைக் காவலர்கள் தங்கள் துறை தந்திருந்த சிறு பைகளிலிருந்தே கட்டுகளையும் மார்புப் பட்டைகளையும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். பட்டை பெல்ட்டில், இரண்டு கையும் எட்டும் இடத்தில், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்பட்டு, மாட்டத் தயாராக இருக்க வேண்டும்.